வரம் தராத சாமி

ஆப்பிரிக்கப் பெண் என்று சொன்னதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? யோசிக்காமல் சொல்லுங்கள்.

ஒட்டிய வயிறோடு ஒரு குழந்தை. அதை மடியில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்க்கும் தாய். 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது உலகம் முழுக்கச் சுற்றிய படம் அது. அதை விட்டால் டார்ஜான் படத்தில் நெருப்பைச் சுற்றி ஆடுகிற கூட்டத்தில் ஒருத்தி. அதையும் விட்டால் நிறத்தை வைத்துத் தமிழ் சினிமா காமெடியில் வந்த மட்டமான ஜோக். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கிற ஒரு கண்டத்துப் பெண்களைப் பற்றி நம் கையில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான்!

இதையே கொஞ்சம் திருப்பிப் போடுவோம். லாகோஸில் இருக்கிற ஒரு பெண்ணிடம் 'தமிழ்நாட்டுக் கிராமத்துப் பொம்பளை' என்று சொன்னால் அவளுக்கு என்ன தோன்றும்? தலையில் குடம், நெற்றியில் பொட்டு, அப்புறம் ஒரு வரதட்சணைச் செய்தி. விருத்தாசலம் பக்கம் களை எடுத்துக்கொண்டே மாமியாரை நக்கல் அடிக்கிற ஒருத்தியையோ, கடலூர் முதுநகரில் மீன் கூடையை இறக்கி வைத்து வியாபாரியிடம் மல்லுக்கு நிற்கிற ஒருத்தியையோ அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

போட்டோ எடுக்கிறவர்களும் சர்வே எடுக்கிறவர்களும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் அவள் கதை நமக்குக் கிடைக்கும். ஆப்பிரிக்கப் பெண்கள் அறுபதுகளிலேயே அதை ஆரம்பித்துவிட்டார்கள். நாம்தான் தாமதமாகக் கேட்கிறோம்.

முதலில் ஒரு நைஜீரிய நாவல். புச்சி எமசெட்டா எழுதியது, 1979-ல் வந்தது. 'தாய்மையின் இன்பங்கள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தலைப்பைப் பார்த்து யாரும் வளைகாப்புக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

நூ ஈகோ என்ற பெண் தற்கொலை செய்துகொள்ள ஓடுவதில் கதை தொடங்குகிறது. பெற்ற முதல் ஆண் குழந்தை செத்துவிட்டது. முதல் கல்யாணத்தில் குழந்தை இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டவள் அவள். இரண்டாவது கல்யாணத்தில், இபுசா என்ற கிராமத்திலிருந்து லாகோஸ் நகரத்துக்கு வந்து, பிடிக்காத புருஷனையும் பொறுத்துக்கொண்டு பெற்ற பிள்ளை. அதுவும் போய்விட்டது. பாலத்தில் ஏறிக் குதிக்கப் போகிறவளை ஊர்க்காரர்கள் பிடித்து இழுக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும், 'ஐயோ, பிள்ளை செத்த தாயா' என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளை இல்லாதவள் சாக நினைப்பது அந்த ஊரில் யாருக்கும் அதிசயமாக இல்லை. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனால் 'விசேஷம் ஏதும் உண்டா' என்ற கேள்வி. ரெண்டு வருஷம் ஆனால் அந்தக் கேள்விகூட நின்றுவிடும். அது இன்னும் கொடுமை.

அப்புறம் அவளுக்குப் பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கிறார்கள். புருஷன் நைஃபே வெள்ளைக்காரத் தம்பதிக்குத் துணி துவைக்கிறான். வெள்ளைக்காரியின் உள்ளாடையைத் துவைக்கிறவன் ஓர் ஆம்பிளையா என்று நூ ஈகோவுக்கு அருவருப்பு. வாழ்நாள் முழுக்கத் தான் துவைக்கிற துணி பற்றி அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே வருவதில்லை. ஆண் துவைத்தால் அவமானம், பெண் துவைத்தால் கடமை. எமசெட்டா இதைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்யவில்லை. அவள் பாட்டுக்கு அருவருப்புப்படட்டும் என்று விட்டுவிடுகிறார். நாம்தான் திடுக்கிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வருகிறது. நைஃபேயைப் பிடித்துப் பட்டாளத்தில் தள்ளுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இப்படிப் போனவர்கள் பர்மா போர்முனை வரை வந்தார்கள். அதே போரில், 1942-ல், அதே பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கால்நடையாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சரித்திரப் புத்தகத்தில் இவை ரெண்டு தனித்தனி வரிகள். லாகோஸில் ஒருத்தி சிகரெட்டும் தீப்பெட்டியும் விறகும் விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள் என்பது எந்த வரியிலும் கிடையாது. அதற்கு நாவல்தான் வேண்டியிருக்கிறது.

இந்த நாவலில் மறக்க முடியாத இடம் ஒரு கோர்ட் காட்சி. மகள் வேற்று இனத்துப் பையனோடு போய்விட்டாள் என்று நைஃபே கத்தியைத் தூக்கிக்கொண்டு போய், கேஸில் மாட்டிக்கொள்கிறான். சாட்சிக் கூண்டில் நூ ஈகோ. பிள்ளைகளுக்கு யார் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்று கேட்கிறார்கள். புருஷன்தான் என்கிறாள். குறுக்குக் கேள்வியில், பணம் இவள் வியாபாரம் செய்து சம்பாதித்தது என்று தெரியவருகிறது. அவள் விளக்கம் சொல்கிறாள்: நான் கட்டினாலும் நான் அவருக்குச் சொந்தம், ஆகவே கட்டியது அவர்தான். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறாள். புருஷனைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். அந்தப் பதிலே அவனுக்கு எதிராகப் போய்விடுகிறது.

இந்தக் காட்சியை நம் ஊருக்குக் கொண்டுவர ஒரு சிரமமும் இல்லை. 'எங்க வூட்டுக்காரர்தான் பாத்துக்குறாரு' என்று சொல்கிற அம்மாவின் கையைப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, அந்தத் தோல் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களாக இருக்கும்.

முடிவு இன்னும் பயங்கரம். ஒரு மகன் அமெரிக்கா போகிறான். இன்னொருவன் கனடா. மகள்களின் கல்யாணத்தில் வருகிற பரிசப் பணம் மகன்களின் படிப்புக்கு. பிள்ளைகளின் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு ராத்திரி ரோட்டோரத்தில் படுத்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் செத்துப்போகிறாள். செத்த பிறகு? மகன்கள் வருகிறார்கள். கடன் வாங்கி ஊர் மெச்ச இறுதிச்சடங்கு செய்கிறார்கள். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் வந்து கும்பிட அவளுக்கு ஒரு கோயிலும் எழுப்புகிறார்கள்.

ஆனால், எத்தனை பேர் வந்து கும்பிட்டாலும் அவள் வரம் கொடுப்பதில்லை.

இதைப் படித்ததும் எனக்குப் பூவாடைக்காரி ஞாபகம் வந்தாள். கடலூர், விழுப்புரம் பக்கம் பல வீடுகளில் அவள் உண்டு. அந்தக் குடும்பத்தில் எப்போதோ செத்துப்போன ஒரு பெண். சுமங்கலியாகவோ கன்னியாகவோ போனவள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைப்பார்கள். மனதுக்கு இதமான வழக்கம்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டுப் பாருங்கள். பாதி வீடுகளில் பதில் இருக்காது. மீதி வீடுகளில் பதில் இருக்கும், சொல்ல மாட்டார்கள். இருந்தவரை ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்தார்களா என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல்லையே நட்டுச் சாமி ஆக்கிவிடுகிற வித்தை நமக்கும் தெரியும், இபுசாக்காரர்களுக்கும் தெரியும். எமசெட்டாவின் சாமி வரம் கொடுக்க மறுப்பதை நான் கோபமாகப் படிக்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவளுக்கு வராத ஒரு சொல், 'முடியாது' என்பது, செத்த பிறகாவது வருகிறதே என்றுதான் படித்தேன்.

எமசெட்டாவின் சொந்தக் கதை இதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பதினாறு வயதில் கல்யாணம். லண்டன் வாழ்க்கை. அவர் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவன் எரித்துவிட்டான். ஐந்து குழந்தைகளோடு வெளியே வந்தார். வேலை பார்த்து, சமூகவியலில் பட்டம் வாங்கி, எரிந்த நாவலையும் திரும்ப எழுதி 1976-ல் வெளியிட்டார். 2017-ல் இறந்தார். எரித்தவன் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

* * *

எமசெட்டாவுக்கு அந்தத் தலைப்பு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? தனக்கு முன்னோடியான ஃப்ளோரா நுவாப்பாவிடமிருந்து. 1966-ல் வந்த 'எஃபுரு' என்ற நாவலின் கடைசி வரியிலிருந்து.

எஃபுரு அழகி. வியாபாரத்தில் கெட்டிக்காரி. காதலித்தவனோடு அவளாகவே போகிறாள். பரிசப் பணம் கட்ட அவனிடம் காசில்லை. ரெண்டு பேரும் வியாபாரம் செய்து அப்புறம் கட்டுகிறார்கள்! பெற்ற ஒரே மகள் இறந்துபோகிறாள். முதல் கணவன் இன்னொருத்தியோடு ஓடிப்போகிறான். இரண்டாவது கணவன் அவள் மேல் பழி போடுகிறான். எஃபுரு அப்பா வீட்டுக்குத் திரும்பி, ஏரித் தெய்வமான உஹாமிரியின் பக்தையாக வாழ்கிறாள். அந்தத் தெய்வம் செல்வம் தரும், அழகு தரும், பிள்ளை தராது. அவளுக்கே பிள்ளை கிடையாது. பிறகு ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நுவாப்பா நாவலை முடித்துவிட்டார். பதின்மூன்று வருஷம் கழித்து எமசெட்டா அதற்குப் பதில் எழுதினார். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு இன்னொரு பெண் நாவலாகப் பதில் சொல்வது எவ்வளவு அழகான விஷயம்!

'எஃபுரு' வந்த புதிதில் சில விமர்சகர்கள் அலுத்துக்கொண்டார்கள். நாவல் முழுக்கப் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். சந்தையில் பேச்சு, அடுப்படியில் பேச்சு, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாருக்குக் கடன் பாக்கி என்று பேச்சு. இதில் கதை எங்கே என்று கேட்டார்கள். நம் ஊரில் 'பொம்பளைங்க பேச்சு' என்று ஒதுக்குவோமே, அதே கதைதான். ஆனால் அந்தப் பேச்சுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. என்ன சரக்கை எந்த ஊரில் வாங்கி எங்கே விற்றால் லாபம், கடன்காரியிடம் எப்படி வசூல் செய்வது, புருஷன் வராத ராத்திரியை மாமியாரும் மருமகளும் சேர்ந்து எப்படிக் கழிப்பது... குழாயடியில் ஒரு மணி நேரம் நின்றால் கிடைக்கிற சமாச்சாரம். அதற்குக் காது கொடுத்து, அதையே நாவலின் உருவமாகவும் ஆக்கினார் நுவாப்பா.

அவருக்கு எட்டு வருஷம் முன்னால் சினுவா அச்சிபியின் புகழ்பெற்ற நாவல் வந்துவிட்டது. தமிழில் என்.கே.மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்'. மகத்தான நாவல். அதில் ஒகொங்வோவின் மனைவிகள் அடி வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், கதை சொல்கிறார்கள். ஆனால் அவன் வீழ்ச்சிதான் கதை. அச்சிபியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நுவாப்பாவின் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பதிப்பாளருக்குச் சிபாரிசு செய்ததே அவர்தான். நல்ல எழுத்தாளருக்கும் எட்டாத ஓர் அறை வீட்டுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் 1966-ல், 'எஃபுரு' வந்த அதே வருஷம், விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி 'நீ சுத்தமாயிட்டே' என்கிற அர்த்தத்தில் ஒரு தாய் பேசியதும் தமிழ்நாடே கொந்தளித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தைரியம். ஆனாலும் அந்தத் தாயின் வாயில் பேசுவது ஜெயகாந்தனின் குரல் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் (1994) ஊருக்கெல்லாம் துணி வெளுக்கிற ஆரோக்கியம் வருகிறாள். கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யில் (1999), பெண் பார்க்கும்போது ஒருவனைக் காட்டித் தாலி கட்ட இன்னொருவனை உட்காரவைத்து ஏமாற்றப்பட்ட அஞ்சலை வருகிறாள். ரெண்டுமே விருத்தாசலம் வட்டாரத்து மண்ணும் மொழியும் மணக்கிற நாவல்கள். ரெண்டு பெண்களும் நம்மைத் தூங்கவிட மாட்டார்கள். எழுதிய ரெண்டு பேரும் ஆண்கள். கூர்மையான காது உள்ளவர்கள்.

அப்படியானால் பெண் எழுதினால் என்ன வித்தியாசம்? இந்த நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததில் எனக்குத் தென்பட்டது ஒன்றுதான். பெண்கள் எழுதிய நாவல்களில் கணக்கு இருக்கிறது. எத்தனை சிகரெட் விற்றது, ஃபீஸ் எவ்வளவு, யார் யாருக்கு எத்தனை வருஷம் உழைத்தது. ஆண் எழுதும்போது அவள் துயரம் காவியமாகிவிடுகிறது. பெண் எழுதும்போது அது பில்லோடு வருகிறது. காவியத்தைப் படித்து அழுதுவிட்டு எழுந்து போகலாம். பில்லை என்ன செய்வது?

சு.தமிழ்ச்செல்வியைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருவாரூர் மாவட்டத்துக் கற்பகநாதர்குளத்தில் பிறந்து, ஆசிரியையாகக் கடலூர் மாவட்டத்துக்கு வந்து தங்கியவர். அவருடைய 'அளம்', வேதாரண்யம் பக்கத்து உப்பள வாழ்க்கை. புருஷன் கப்பலேறிப் போய்விடுகிறான். பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுந்தராம்பாள் உப்பளத்தில் பாடுபடுகிறாள். பஞ்சத்தில் எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எந்தக் கீரையைப் பறிக்கலாம் என்று நுணுக்கமாக எழுதுகிறார். அலங்காரமே கிடையாது. சிலருக்கு அது வறட்சியாகத் தெரியலாம். எனக்கு அது லாகோஸ் சிகரெட் கடைக்குப் பக்கத்துக் கடையாகத் தெரிகிறது.

* * *

1979-ம் வருஷத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. எமசெட்டாவின் நாவல் வந்த அதே வருஷம் செனகல் நாட்டு மரியாமா பா பிரெஞ்சில் எழுதிய 'இவ்வளவு நீண்ட கடிதம்' வந்தது. அடுத்த வருஷம் அதற்கு ஆப்பிரிக்காவின் முதல் நோமா விருது. 1981-ல் அவர் இறந்துவிட்டார். அதே 1979-ல்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியை ஆரம்பித்தது.

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ரமத்துலாயி ஒரு பள்ளி ஆசிரியை. கணவன் இறந்துபோய், முஸ்லிம் வழக்கப்படி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள். அந்த நாட்களில் சிநேகிதி ஐசத்துவுக்கு எழுதுகிற கடிதம்தான் நாவல். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய கணவன், பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும்போது, சொந்த மகளின் சிநேகிதியை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன். ரமத்துலாயி விலகவில்லை, இருந்துவிடுகிறாள். ஐசத்துவுக்கும் அதே நிலைமை வந்தது. அவள் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பினாள். புத்தகங்கள் அவளைக் காப்பாற்றின. படித்தாள், மொழிபெயர்ப்பாளர் ஆனாள், வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலைக்குப் போனாள். இங்கே பஸ்ஸுக்காக நிற்கிற சிநேகிதிக்குக் கார் வாங்கிக் கொடுத்தாள்! அந்தக் காரில் ரமத்துலாயி ஓட்டக் கற்றுக்கொள்கிற பகுதி, எந்தக் காதல் காட்சியையும் விட உருக்கமானது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. அங்கேயும் அதே நாலு மாதம் பத்து நாள்தான். டாக்காரில் ஒருத்தி அந்த நாட்களை நோட்டுப் புத்தகமாக ஆக்கிக்கொண்டாள் என்று அங்கே இருக்கிற ஒரு பெண்ணுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்! அதற்குத் துவரங்குறிச்சி சல்மாவையும் படிக்கச் சொல்லலாம். வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதி, 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைக் கொடுத்தவர். ரமத்துலாயியின் கடிதத்துக்குத் தமிழில் வந்த பதில் என்றே அதை நான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தத் தொலைதூரக் கல்வி. தமிழ்நாடு முழுக்க எத்தனை வீடுகளுக்குச் சிதம்பரத்திலிருந்து அந்தப் புத்தகக் கட்டு தபாலில் போயிருக்கும்! கல்யாணத்தால் படிப்பை விட்டவர்கள், சமையல் முடித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பாடம் படித்தவர்கள், 'இந்த வயசுல இன்னாத்துக்குப் படிப்பு' என்று கேட்ட வீட்டில் பி.ஏ. வாங்கியவர்கள். ஐசத்துகள்தான் அத்தனை பேரும். அவர்களில் ஒருத்தி அந்தத் தபால் கட்டின் கதையை எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

இந்த நாவல்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எமசெட்டா சில இடங்களில் துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்குகிறார். நைஃபே சில சமயம் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறான். நுவாப்பாவின் கதை அங்கங்கே கட்டு அவிழ்கிறது. மரியாமா பா நடுத்தர வர்க்கத்துப் பெண்ணாகத்தான் பார்க்கிறார். இரண்டாவது மனைவியின் ஏழைத்தாய் மேல் அவருக்கு இளக்காரம் தெரிகிறது. அந்த அம்மாளும் ஒரு கடிதம் எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். பெண் எழுதிவிட்டால் எல்லாப் பெண்ணையும் எழுதியாகிவிட்டது என்று ஆகாது. இது அங்கே மட்டும் அல்ல, இங்கேயும்தான்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு கதை மனப்பாடம். காளிக்கும் சிவனுக்கும் நடனப் போட்டி. ரெண்டு பேரும் சமமாக ஆடினார்கள். கடைசியில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினார். பெண்ணாகப் பிறந்தவள் சபையில் அப்படிக் காலைத் தூக்க முடியுமா? காளி தோற்றாள். ஊர் எல்லைக்குப் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கும் தில்லைக் காளி கோயில் ஊரின் வடக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. ஜெயித்தவர் கோயில் நடு ஊரில்.

நாம் இந்தக் கதையை எத்தனையோ வருஷமாக நடராஜர் பக்கத்திலிருந்தே கேட்டு வருகிறோம். போட்டிக்கு விதி போட்டது யார்? அந்த எல்லைக்கு நடந்து போகும்போது அவள் என்ன நினைத்தாள்? 'எனக்கு ஆடத் தெரியாமலா போச்சு' என்று சொல்லியிருப்பாளா? நுவாப்பாவும் எமசெட்டாவும் மரியாமா பாவும் செய்தது இதைத்தான். எல்லையில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், நீயே சொல்லம்மா என்று கேட்டார்கள். எகிப்தின் நவ்வால் எல் சாதவி சிறைக்கே போய்க் கேட்டார். தூக்குக்குக் காத்திருந்த ஃபிர்தவுஸ், கருணை மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். லதா ராமகிருஷ்ணன் மொழிபெயர்ப்பில் 'சூன்யப் புள்ளியில் பெண்' என்று தமிழிலேயே படிக்கலாம். மற்றவர்களையும் தமிழ்ப் பதிப்பாளர்கள் பெரிய மனது வைத்துக் கொண்டுவர வேண்டும். ஆப்பிரிக்காவைத் தெரிந்துகொள்ள மட்டும் அல்ல. லாகோஸ் ரோட்டோரத்து விறகுக்காரியின் கணக்கைப் படித்தவர்களுக்கு நம் வீட்டு அடுப்படியின் கணக்கும் கண்ணில் படும்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்கும்போது, வீட்டில் மூத்த பெண்மணி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். வரத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அவள் யார், என்ன வேலை செய்தாள், எப்படிச் செத்தாள் என்று முதலில் கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.